ஐந்து சுற்று

தம்பியின் நகங்களுக்குள் இருந்த கிரீஸ் போகவே மாட்டேன் என்றது. சோப்பு போட்டாயிற்று, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று. அக்கா ஒரு பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "போதும் அண்ணி, விடுங்க. அவருக்கு வலிக்கும்" என்றாள் தம்பி பெண்டாட்டி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்து கோபம்தான் இருந்தது. யார் மேல் இவ்வளவு கோபம் என்று கேட்டால் முதலாளி மேல் என்றுதான் சொல்லுவாள். அது பாதி உண்மை.

அக்கா, அவள் புருஷன், தம்பி மூன்று பேருக்கும் ஒரே வேலை. பள்ளத்தில் விழுந்த வண்டியை கம்பி கட்டி இழுக்கிற வின்ச் வைத்த லாரியில் போய் மேலே இழுத்துப் போட வேண்டும். முதலாளியிடம் அப்படி இரண்டு லாரி. ஒன்றைத் தம்பி ஓட்டினான். இன்னொன்றை அக்காவும் புருஷனும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடலுக்குப் பின்னாலேயே அதில் வந்து இறங்கியிருந்தார்கள். அது இப்போது வாசலுக்கு எதிரே நின்றது.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். உடலுக்கு முன்னால் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நின்றார். மூன்றாவது நிமிஷம் புருஷனைத் தோளில் கைபோட்டு ஜன்னல் ஓரம் தள்ளிக்கொண்டு போனார். அக்காவின் காது அங்கேதான் இருந்தது.

"நேத்து அவன் இழுக்கப் போன சரக்கு வண்டி இன்னும் பள்ளத்துலயேதான் கெடக்கு. பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு. போனுக்கு மேல போன். நீ மட்டும் ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்ப்பா. உடலை எடுக்கறதுக்குள்ள வந்துடலாம்."

அவள் புருஷன் பிறந்ததிலிருந்து யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "சரிங்க" என்று சட்டைப் பையில் சாவியைத் தேடினான்.

அக்கா எழுந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரு மணி நேரந்தான். சட்டுனு..."

"அவனும் நேத்து அதைத்தான் சொல்லிட்டுப் போனான்."

முதலாளி குறுக்கே வந்தார். "கோவப்படாதம்மா. வண்டியில ஒரு குத்தமும் இல்ல. நிக்கக் கூடாத எடத்துல நின்னுட்டான். சொன்னா கேக்குற ஆளா அவன்? விதி."

செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியம்! அக்கா புருஷன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்தக் கோபத்திலும் கையுறை மாட்ட மறக்கவில்லை. லாரியில் கம்பி சுற்றியிருக்கும் டிரம்மின் பிடியைத் தளர்த்தி, கொக்கியைப் பிடித்துத் தெரு நெடுக இழுத்துக்கொண்டு போனாள். கம்பி கரகரவென்று உருண்டு வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான்காவது வீடு தாண்டுவதற்குள் டிரம்மில் சிவப்பு தெரிந்தது. திரும்பி வந்தாள்.

"எண்ணுங்க. டிரம்மில எத்தனை சுத்து மிச்சம் இருக்கு?"

முதலாளி எண்ணவில்லை. புருஷன்தான் குனிந்து பார்த்து, "ரெண்டு" என்றான்.

ஐந்து இருக்க வேண்டும். டிரம்மில் கம்பியின் நுனியைப் பிடித்திருப்பது ஒரு சின்னக் கிளாம்ப். அது பாரம் தாங்காது. மிச்சம் இருக்கிற சுற்றுகள் இறுக்கிப் பிடிப்பதால்தான் பாரம் நிற்கிறது. அதனால் கடைசி ஐந்து சுற்றுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். சிவப்பைக் கண்டால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் இங்கே கம்பி முனை பிய்ந்தால் வெட்டுவார்கள், மறுபடி பிய்ந்தால் மறுபடி வெட்டுவார்கள். புதுக் கம்பி கேட்டால் அடுத்த மாதம் என்பார் முதலாளி. கம்பி குட்டையாகிக் குட்டையாகி, எந்தப் பள்ளத்துக்குப் போனாலும் எட்டுவதற்கு முன்பே சிவப்பு வந்து நின்றது.

"நேத்து கம்பி டிரம்மிலேருந்து மொத்தமா உருவிக்கிட்டு வந்து அவன் நெஞ்சுல அடிச்சிருக்கு. வின்ச்சை ஓட்டுற லீவர் டிரம் பக்கத்துலதானே இருக்கு? அவன் வேற எங்க போய் நிப்பான்?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு சுத்துச் சிவப்பைச் சொரண்டி ரெண்டாக்கினது யாரும்மா? நானா? ரெண்டு வண்டிக்கும் உன் தம்பிதானே பெயிண்ட் அடிச்சான்?"

தம்பி பெண்டாட்டி நிலைப்படியில் நின்றாள்.

"ஆமா" என்றாள் அக்கா. "அவன்தான் அடிச்சான். எட்டலைன்னு தெனம் இவர்கிட்டத் திட்டு வாங்குறதுக்கு இது மேல்னு சொல்லிக்கிட்டே அடிச்சான். நான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீங்களுமா அண்ணி?" தம்பி பெண்டாட்டி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அக்கா முதலாளி பக்கம் திரும்பினாள். எட்டு வருஷமாக 'நீங்க, வாங்க' என்று கூப்பிட்ட வாய், தானாகவே மாறியது.

"புதுக் கம்பி நீ வாங்கிக் குடுத்திருந்தா அந்த டப்பாவை எவன் தொறந்திருப்பான்? இந்தா சாவி. அந்த வண்டியை இழுக்கணும்னா நீ போய் இழு. லீவர் பக்கத்துல நீ நில்லு."

முதலாளி கை நீட்டவில்லை.

அக்கா கருவிப் பெட்டியிலிருந்து கம்பி அறுக்கிற பேட்டரி கிரைண்டரை எடுத்தாள். "ஏய், அது கம்பெனிச் சொத்து!" என்று முதலாளி கத்தினார். புருஷன் வந்து, மற்றொரு ஜோடிக் கையுறையை மாட்டிக்கொண்டு, கம்பி துள்ளாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பொறி பறந்தது. டிரம் ஓரத்தில் அறுபட்ட கம்பி தரையில் விழுந்தது. "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போனார்.

மூன்று மணிக்கு உடலைத் தூக்கினார்கள். நாலு பேர் தோளில் தம்பி வாசலை விட்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் வந்த அவன் பெண்டாட்டி அக்கா நின்ற பக்கம் பார்க்கவே இல்லை. அறுத்த கம்பி இன்னும் தெருவை மறித்து வளைந்து கிடந்தது. முன்னால் இருந்தவன் அதைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"நில்லுங்க. தாண்டாதீங்க."

"சும்மா கெடக்குற கம்பிதானேக்கா."

சும்மா கிடந்தாலும் கம்பியைத் தாண்டுவது அவர்கள் தொழிலில் கிடையாது. அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. குனிந்து, கைமாற்றிக் கைமாற்றி, நான்காவது வீட்டிலிருந்து கம்பியை இழுக்க ஆரம்பித்தாள். தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். கொக்கி வந்து சேருகிறவரை அவள் யாரையும் ஓர் அடி எடுத்து வைக்க விடவில்லை.