நூறாவது தபால்பெட்டி

அரிசோனாவில் தன்னை முந்திக்கொண்டு தபால்பெட்டி கண்டுபிடிக்க ஒருவரும் பிறக்கவில்லை என்பது ராய்ஸ் ஹேகர்ட்டியின் கருத்து. தபால்பெட்டி என்பது பெயர்தான், அதில் கடுதாசி இருக்காது. பாலைவனப் பாதையோரம் யாரோ ஒளித்துவைத்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு நோட்டு, ஒரு ரப்பர் முத்திரை. துப்பைப் படித்துத் தேடி வருகிறவர் தன் முத்திரையை அந்த நோட்டிலும், டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டிலும் குத்திவிட்டு, எடுத்த இடத்திலேயே ஒளித்துவிட்டுப் போகவேண்டும். வளர்ந்த மனிதர்கள் இதற்காக வேகாத வெயிலில் அலைகிறார்கள்.

அந்த நோட்டில் முதல் ஆளாகக் குத்துவதுதான் கௌரவம். ராய்ஸ் அப்படித் தொண்ணூற்றொன்பது குத்தியிருந்தார். நூறு ஆகிவிட்டால் தேடல்காரர்களின் வசந்தகாலக் கூட்டத்தில் பேச எழுந்திருக்கும்போது எப்படித் தொண்டையைச் செருமுவது என்றுகூட ஒத்திகை பார்த்துவைத்திருந்தார்.

சட்டம் போட்டவரும் அவரே. கையெழுத்து செல்லாது, முத்திரைதான் செல்லும், இரண்டு நோட்டிலும் விழவேண்டும், அதுவும் சொந்தக் கையால் செதுக்கியதாக இருக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் வெர்னா லூக்காஸ் என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கடையில் வாங்கிய பூனை முத்திரையோடு கூட்டத்துக்கு வந்தார். இது பொம்மைக்கடைச் சரக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லி, ராய்ஸ் தன் நோட்டைப் படக்கென்று மூடிக்கொண்டார். வெர்னா பூனையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதுத் துப்பு எளிதாகவே இருந்தது. மூன்று கை வைத்த கள்ளியிலிருந்து காலைச் சூரியனுக்கு முதுகைக் காட்டி முப்பது அடி. கற்குவியலில் பாம்பு இருக்கிறதா என்று ராய்ஸ் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு டப்பாவை இழுத்தார். நோட்டில் ஒரு கறைகூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துணியில் சுற்றியிருந்த டப்பாவின் முத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் தன் ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். ஜூன் மாத வெயிலில் ஒரு வாரம் வண்டிக் கண்ணாடியடியில் கிடந்த பேடு அப்பளமாகியிருந்தது. எச்சில் துப்பிப் பார்த்தார். பேடு அசரவில்லை.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. வெர்னா வந்துகொண்டிருந்தார்.

வழிப்போக்கர் யாராவது வந்தால் டப்பாவை மறைத்துக்கொண்டு சும்மா இருப்பதுபோல நடிப்பது இவர்களுடைய வழக்கம். ராய்ஸ் ஒரு படி மேலே போய், சக தேடல்காரர்கள் வந்தாலும் டப்பாவின் மேல் உட்கார்ந்து அவர்கள் சலித்துத் திரும்பும்வரை எழுந்திருக்கமாட்டார். இப்போதும் உட்கார்ந்தார்.

வெர்னாவும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, பறவை பார்க்க வந்ததாகச் சொன்னார். தானும் அதற்குத்தான் என்றார் ராய்ஸ். ஒரு மணி நேரம் இருவரும் இல்லாத பறவையைப் பார்த்தார்கள். ராய்ஸின் தண்ணீர் தீர்ந்தது. டப்பாவின் விளிம்பு அழுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வெர்னா குடையை விரித்துக்கொண்டு நிதானமாக ஆரஞ்சு உரித்தார்.

கடைசியில் ராய்ஸுக்கு மானத்தைவிட நூறு பெரிதாகத் தெரிந்தது.

"வெர்னா, உங்ககிட்ட ஸ்டாம்ப் பேடு இருக்கா?"

"பறவை பாக்க எதுக்கு ராய்ஸ் ஸ்டாம்ப் பேடு?" என்றபடி பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது.

ராய்ஸ் முனகிக்கொண்டே எழுந்து, டப்பாவைத் திறந்து, முதல் பக்கத்தில் தன் முத்திரையைக் குத்தினார். நூறாவதில் பாதி முடிந்தது. பிறகு துணியைப் பிரித்தார்.

முத்திரையில், ஒரு டப்பாவின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் ராய்ஸின் தொப்பி, அலகுக்கு மேல் ராய்ஸின் மீசை. தொப்பி நாடாவின் முடிச்சுகூடத் தப்பவில்லை. எங்காவது ஒரு கோடு கோணியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை. இனி இங்கே வருகிற ஒவ்வொருவருடைய நோட்டிலும் இந்தக் கோழி ஏறும்.

"இது யாரு செதுக்கினது?" என்றார் ராய்ஸ்.

"பொம்மைக்கடைல கேட்டுப் பாத்தேன், இந்த மாடல் இல்லன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் பழகி நானே செதுக்கினேன்."

குத்தாமல் போனால் நூறு செல்லாது. சட்டம் அவருடையது. ராய்ஸ் தன் நோட்டில் நூறாவது பக்கத்தை எடுத்தார். வெர்னா அருகில் வந்து, தாள் காற்றில் மடங்காமல் விரலால் பிடித்துக்கொண்டார்.

"நல்லா அழுத்திக் குத்துங்க ராய்ஸ். மீசை சரியா விழணும்."