ஓதம் ஏறிய வயிறு

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம், தலத்தெரு அஜீசுன்னிசாவின் வயிறு கடலோடு சேர்ந்து ஏறவும் இறங்கவும் தொடங்கியது. கடலில் ஓதம் ஏறினால் வயிறு உப்பி இடுப்பில் சேலை நிற்காது. வற்றினால் தளரும், கூடவே உதிரம் போகும். அவருக்கு வயது அறுபது. பட்டினச்சேரிக்காரர்கள் கட்டுமரம் தள்ளுமுன் ஆளனுப்பி வயிற்றை விசாரித்துக்கொண்டார்கள். கடல் சில நாள் ஏமாற்றும், வயிறு ஏமாற்றியதில்லை.

அவர் இதை வியாதியாக நினைக்கவில்லை. நின்றுபோன மாதவிலக்கு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, விலக்கான பெண்ணுக்குரிய முறைப்படி தொழுகைப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். கணவர் காதர் பாட்சா சைகோனில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்து வருஷக்கணக்காயிற்று. இங்கே வயிறோ நிறைமாதம். தெரு சும்மா இருக்குமா? நாத்தனார் ஆரிபா மட்டும் நேரிலேயே கேட்டாள்.

"மச்சி, எங்க காதர் நானா கப்பல்ல வராம கனவுல வந்துட்டுப் போனாஹளோ?"

"சிரிக்க வைக்காதடி, இன்னும் ஓதம் ஏறிக்கிட்டிருக்கு."

ஆரிபாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சோமசேகரன் கருப்பையில் துணுக்கெடுத்து மைக்ராஸ்கோப் பரிசோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பினார். வெகு அபூர்வமான புற்று என்று பதில் வந்தது. அதற்குள் எலும்பும் குருத்தெலும்பும் தசைநாரும், கருப்பையில் ஒரு ஜோலியும் இல்லாதவை, குடித்தனம் வைத்திருந்தன. நுரையீரலுக்கும் பரவியிருந்தது. அறுத்தெடுத்துப் பயனில்லை.

"இது விலக்கு இல்லீங்கம்மா. கட்டியிலேர்ந்து வர்ற ரத்தம்."

சாவு என்ற சொல்லுக்கு அசையாத முகம் அப்போதுதான் வெளுத்தது. "அப்ப நான் தொழுதிருக்கணுமா?"

விட்டதையெல்லாம் கடன் தீர்ப்பதுபோல் களாவாகத் தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். உட்கார அவர் சம்மதிக்கவில்லை. ஓதத்தில் குனிய முடியாது. வற்றத்தில் துணி மாற்றி, கைகால் முகம் கழுவி ஒளு செய்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தொழுதார். ஆரிபா தண்ணீர் ஊற்றினாள். கைகால் குச்சியாகி, ஆள் என்று பார்த்தால் வயிறு மட்டும்தான் மிச்சம்.

ஐப்பசியில் ஒருநாள் வற்றிய கடல் திரும்பவில்லை. கட்டுமரங்கள் சேற்றில் கிடந்தன. பட்டினச்சேரி சுப்பையன் விசாரிக்க வந்தான்.

"அம்மாவுக்கு இன்னும் தொழுகை பாக்கி இருக்குங்களா?"

"கொஞ்சம் இருக்கு. பொறுத்துக்குங்க" என்றாள் ஆரிபா.

அவன் போய்ச் சொன்னான். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பிற்பகல், அஸர் நேரத்தில், அஜீசுன்னிசா பாக்கித் தொழுகையை முடித்து வலப்பக்கம் சலாம் கொடுத்து, இடப்பக்கம் சலாம் கொடுத்து, திரும்பிய வாக்கிலேயே சாய்ந்தார். கடல் வந்தது. மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் வயிறு தட்டையாக இருப்பதைப் பார்த்து, கபன் துணியை அந்த அளவுக்குக் கிழித்தார்கள்.