மூன்று சொல்லாய்ப் பேசியவர்

மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து லாரி ஓட்டுநருக்குப் பேச்சு மூன்று மூன்று சொல்லாகத்தான் வந்தது. வந்த சொற்களும் காதில் விழுந்ததோடு போகாமல் அறையில் அந்தரத்தில் நின்றன. ஆஸ்பத்திரியில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் புறங்கையால் அவற்றை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் கட்டிலுக்கு மேலே ஒரே சொற்கள் திரும்பத் திரும்பக் குவியத் தொடங்கின. ‘போட்டதும் மூச்சு நின்னுபோச்சு’ என்று ஒன்று, ‘மயக்க ஊசி போட்டதும்’ என்று இன்னொன்று. மனைவி படித்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். தன் மகனான இவருடைய சின்ன வயதுக் கண்டத்தை மாமியார் இதே வார்த்தைகளில்தான் சொல்வாள். எந்த மருந்து என்று கேட்க இப்போது அவளும் இல்லை.

“மயக்க மருந்துல எத்தனையோ வகை இருக்கும்மா. எதுன்னு தெரியாம எதை விடறது?” என்றார் டாக்டர். முறிந்த எலும்புக்கான சிகிச்சையையும் தள்ளிப்போட முடியாது.

மனைவியின் தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியில் பதிவேட்டுக் கணினியில் வேலை. நோயாளிகளின் பழைய குறிப்புகளெல்லாம் அதில் ஏறியிருந்தன. ஓட்டுநரின் பெயரைப் போட்டுத் தேடினாள், இல்லை. ‘ஊசி’, ‘மூச்சு’ என்று தேடினாள். பாதி ஊர் வந்து நின்றது.

“ஊசி போடாதவனும் மூச்சு விடாதவனும் இந்த ஊர்ல யாரு இருக்கா அக்கா?” என்று கட்டிலருகே வந்து அக்காவிடம் அலுத்துக்கொண்டவள், அந்தரத்தில் நின்றவற்றை அண்ணாந்து பார்த்தாள். சொல் எல்லாருக்கும் பொது. அது நிற்கும் வரிசை அப்படியில்லை. கீழே கணினிக்கு ஓடினாள். ஒவ்வொரு குறிப்பையும் ஒரு சொல் நகர்த்தி ஒரு சொல் நகர்த்தி, அடுத்தடுத்த மும்மூன்று சொற்களாக வெட்டி, எந்தக் குறிப்பின் துண்டு என்ற எண்ணோடு புது அட்டவணையில் அடுக்கவைத்தாள். பிறகு, கட்டிலுக்கு மேலே நின்ற அந்த இரண்டு துண்டும் சேர்ந்திருக்கும் குறிப்பு எது என்று கேட்டாள்.

ஒன்றே ஒன்று வந்தது. பல் பிடுங்க வந்த ஏழு வயதுப் பையன், பெயரில் எழுத்துப்பிழை, தாய் சொன்னது சொன்னபடி, அடியில் மருந்தின் பெயர்.

டாக்டர் இரண்டு முறை படித்தார். “நல்லவேளை. இதைத்தான் போடறதா இருந்தோம்,” என்று சொல்லி மருந்தை மாற்றினார்.

மறுநாள் மதியம் ஓட்டுநர் கண் விழித்தார். ‘பசிக்குது நீ சாப்பிட்டியா’ என்றார். மனைவி சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். அந்த மூன்று சொல்லும் கட்டிலுக்கு மேலே இரண்டு நாள் நின்றன. நர்ஸ் குனிந்து போய்வந்தாள்.