எட்டுக்கால் சிப்பும் நான்கு ஞாயிறும்

லிப்ட்டுக்காரர் என்றால்தான் அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியும். லிப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை. ஊரில் எங்கே லிப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தும் பொத்தான் இவர் காதில்தான் வந்து மணியடிக்கும். ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். பிள்ளை எத்தனை, மழை வருமா, மத்தியானம் சாப்பிட்டாச்சா என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். கதவு திறந்த நொடியில் இணைப்பு அறுந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் "வரேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியவர்கள் இரண்டே பேர். இப்படிப்பட்ட மனிதர் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. அவரே முதலில் சிரித்துவிடுவார், மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று.

கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஏதும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் கேட்பவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய மடிக்கணினிகளைத் திறந்து, அவை தூங்கி எழும் விதத்தை மாற்றுவது. எந்தக் கணினியும் எழுந்தவுடன் முதலில் பார்ப்பது, பலகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் சிப்பைத்தான். நீ யார், உனக்குக் கை எங்கே, கால் எங்கே என்று அதுதான் சொல்லிக்கொடுக்கும். கம்பெனிக்காரர்கள் அதில் எழுதியிருப்பதை வாங்கியவர்கூடப் படிக்க முடியாது. நம்மவர் அதை அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று ஊர் உலகத்துக்குத் திறந்துவைத்த நிரலை எழுதுவார். அப்புறம் அதே மாதிரி திறந்த மனசுள்ள லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவி, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். இதுவரை முப்பத்தொரு கணினிகள். ஒவ்வொன்றின் அடியிலும் தன் போன் நம்பரை ஒட்டித்தான் கொடுத்தார். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. தப்பு, ஒருவர் கூப்பிட்டார். மின்விசிறி ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்.

"உன் வேலைல இருக்கிற ஒரே கோளாறு, கோளாறே வராததுதான்டா" என்பாள் அக்கா. அவள் தூரத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் போன் வரும்.

"அப்ப ஏதாவது கெடுத்து வெச்சுக் கொடுக்கவா?"

"கெடுக்கக்கூடத் துப்பில்லையே உனக்கு. ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி விடேன், நாலு பேர் தேடி வரட்டும்."

இருவரும் சிரித்தார்கள். அக்கா வைத்துவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள்தான் இரண்டாம் மாடி அம்மாள் கதவைத் தட்டியது. மூச்சு வாங்க, மார்போடு ஒரு கறுப்பு மடிக்கணினியை அணைத்துக்கொண்டு நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே ஒரு தாள், அதற்கு அச்சுப்பிழை பார்ப்பது அவர் தொழில்.

"எங்க வீட்டுக்காரரோடது சார். ஆன் பண்ணாலே பாஸ்வேர்டு கேக்குது. அவர் போனப்ப அதையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டார்."

"உள்ள முக்கியமானது ஏதாவது இருக்கா?"

"இருபது வருஷமா அவர் ஆடின சீட்டாட்டம்தான் இருக்கும். துடைச்சுப் போடுங்க." உட்கார இடம் தேடினார். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க ஆபீசைக் காலி பண்றாங்க சார். அடுத்த மாசத்துலேர்ந்து வீட்டுலேர்ந்துதான் வேலை. கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். இந்த மாசக் கடைசிக்குள்ள ஆயிடுமா?"

லிப்ட்டுக்காரர் நாட்காட்டியைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் அன்றையதையும் சேர்த்து நான்கு ஞாயிறுகள் இருந்தன. அவர் கைக்கு அது இரண்டு மணி நேர வேலை.

"ஆயிடும்" என்றார்.

முட்டை வாங்கிவந்த அட்டையை மேசைமேல் வைத்து, கழற்றும் திருகாணிகளைக் குழிக்கொன்றாகப் போட்டார். விசைப்பலகையைத் தூக்கி, அடித்தட்டைப் பிரித்து, சிப்பைக் கண்டுபிடித்து, துணி காயப்போடும் கிளிப்பின் குட்டித் தம்பி மாதிரி ஒன்றால் அதன் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடித்தார். கிளிப்பிலிருந்து ஒயர்கள் ஒரு சின்னப் பலகைக்கும், அங்கிருந்து அவருடைய சொந்தக் கணினிக்கும் போயின.

"இதுல ஒரு சம்பிரதாயம் இருக்கு மேடம். அழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதைப் படிச்சு வெச்சுக்கணும். அதுவும் ரெண்டு தடவை. ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போனாத்தான் கிளிப்பு சரியாக் கடிச்சிருக்குன்னு அர்த்தம். ஒத்துப்போகாம எழுதினா, இது கணினி இல்ல, செங்கல்லு."

"அட, என் வேலைதான்! மூலத்தையும் அச்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பார்க்கிறது."

படித்ததையெல்லாம் சுருக்கி, அந்தக் கணினி எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான எண்ணாகக் கொடுக்கும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். இரண்டு எண்களையும் தேதி போட்டுத் தன் நோட்டில் எழுதினார், வழக்கம் போல. இரண்டும் ஒன்று. தொடங்க வேண்டியதுதான்.

அந்த அம்மாள் அப்போது முட்டை அட்டையைத் தன் பக்கம் இழுத்துத் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைய. அந்த அறையில் இன்னொருவர் உதடு அசைந்து அவர் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"ஒத்துப்போகலை" என்றார் லிப்ட்டுக்காரர். வாய் அவரிடம் அனுமதியே கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை படிச்சுப் பார்க்கணும்."

"நான் வரணுமா?"

"வந்தா நல்லது. திருகாணி எண்ண ஆள் வேணுமே."

இரண்டாவது ஞாயிறும் ஒத்துப்போகவில்லை. கிளிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம் என்றார். அன்று அம்மாள் மூன்று மணி நேரம் இருந்தார். ஒரு இருமல் மருந்துத் தாளில், மூன்று வேளை என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வேளை என்று அச்சாகி இருந்ததாம்.

"நான் மட்டும் பார்க்கலேன்னா ஒரு மனுஷன் இன்னைக்கும் முழுங்கிட்டே இருந்திருப்பான்."

"அந்தத் தாளை யாருங்க படிக்கிறாங்க?"

"யாருமே படிக்கிறதில்ல. யாருமே படிக்காததை நான் ரெண்டு தடவை படிக்கிறேன். உங்க சிப்பு மட்டும் என்ன, ஊரே பார்க்குதா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரிக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டார்.

அந்த வாரம் இரண்டாவது நாற்காலி வாங்கினார். வாங்கியது சுலபம், நான்கு மாடி தூக்கியதில்தான் முதுகு போய்விட்டது. லிப்ட்டில் மாட்டிய ஒருவரிடம் வேலை நேரத்தில் அந்த நாற்காலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மூன்றாவது ஞாயிறு, "இந்த ஒயர் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார். அம்மாள் புது நாற்காலியில் உட்கார்ந்து, தன் கணவர் சீட்டாட்டத்தில் கணினியிடமே தோற்றுவிட்டு அதனோடு சண்டை போட்ட கதையைச் சொன்னார். பொய் சொல்வது இவ்வளவு எளிது என்று தெரிந்திருந்தால் முப்பதிலேயே ஆரம்பித்திருக்கலாமே என்று லிப்ட்டுக்காரருக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை அக்கா கேட்டாள். "என்னடா, குரல்ல ஏதோ எண்ணெய் விட்ட மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"உன் கிட்டயா? நம்பிட்டேன் போ."

நான்காவது ஞாயிறு அம்மாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"இன்னைக்கு முடிஞ்சிடும்ல சார்? நாளைலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க."

"கண்டிப்பா முடிச்சுடறேன். ஏன், ஏதாவது பிரச்னையா?"

"பிரச்னைன்னு இல்ல. போன வாரமே முறை போட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் ரெடியா இருந்தவங்க வாரநாள் வேலையை எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மிஞ்சினது சனி, ஞாயிறு. ராத்திரி வரைக்கும். ஒரு வருஷத்துக்கு மாத்த மாட்டாங்களாம்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "நீங்க ஏன் சார் மனசு கஷ்டப்படறீங்க? சிப்பு ஒத்துவரலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? வேலைன்னு ஒண்ணு கிடைச்சுதே."

வஞ்சனையில்லாத அந்த ஆறுதல் அவருக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நின்றபடியே கிளிப்பை மாட்டினார். இன்றைக்கு மட்டும் அது ஒத்துப்போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. சிப்பு சாட்சி சொல்லப் போவதில்லை.

முதல் எண்ணை நோட்டில் எழுதினார். இரண்டாவது திரையில் வந்தது.

"இருங்க, இது என் வேலை" என்று அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை எடுத்தார். "நீங்க திரைல இருக்கிறதைப் படிங்க, நான் இதுல பார்க்கிறேன்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அம்மாளின் விரல் வரியில் நகர்ந்துகொண்டே போனது. படித்து முடித்தபோது விரல் நிற்கவில்லை. மேலே இருந்த வரிக்குப் போனது. அதற்கும் மேலே போனது. ஒத்துப் பார்க்கும் கண்ணை, பார்க்காதே என்றால் அது கேட்குமா? தேதி போட்ட ஏழு வரிகள். நான்கு ஞாயிறுகள். ஏழும் ஒன்று. கெட்டிக்காரர்கள் பொய் சொன்னால் நோட்டிலும் பொய்தான் எழுதுவார்கள். இவர் வாயில் பொய் சொல்லிவிட்டு நோட்டில் உண்மையை எழுதிவைத்திருந்தார்.

"ஒரு எழுத்து மாறலையே சார்."

"மாறலை."

"முதல் நாள்லேர்ந்தே?"

"முதல் நாள்லேர்ந்தே."

"அப்ப எதுக்கு?"

பதில் அவரிடம் இருந்தது. ஆனால் அதை அந்த வயதில், பனியன் மேல் அவசரமாகப் போட்ட சட்டையோடு, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புது நாற்காலியைப் பார்த்தார். அம்மாளும் அதைத்தான் பார்த்தார். அப்புறம் அதிலிருந்து எழுந்து, காலியாக இருந்த பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"வேலையை முடிங்க."

முடித்தார். அழித்தல், எழுதுதல், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தல். கிளிப்பை எடுத்து, திருகாணிகளை முடுக்கி, பொத்தானை அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துப் பட்டியல் வந்தது. பென்டிரைவைச் சொருகி லினக்ஸை நிறுவத் தொடங்கினார். இனிப் புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டும் ஓசை நீண்ட நேரம் கேட்டது. பெரிய கடவுச்சொல்தான் போலிருக்கிறது.

பிறகு நாற்பது நிமிடம் திரையில் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. மற்ற கணினிகளில் இந்த நாற்பது நிமிடத்தில் டீ போடுவார். இன்று போடலாமா கூடாதா என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றிரண்டில் கோடு நின்றது. வேகமாகப் போய்த் தொலையேன் என்று மனசுக்குள் அதட்டினார். அது நகர்ந்ததும், ஐயோ போய்விட்டதே என்றும் இருந்தது.

அம்மாள் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றார். கோபத்தில் கத்தியிருந்தால் லிப்ட்டுக்காரருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"டீ குடிக்க வாங்கன்னு கேட்டிருந்தா வந்திருப்பேன் சார். எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமைல என்ன பெரிய ஜோலி இருந்துச்சு?"

"இப்ப கேக்கறேன்."

"இப்பத்தான் ஞாயித்துக்கிழமையே எனக்கு இல்லையே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை லிப்ட்டுக்காரர் மேலாளரிடம் போய், ஞாயிறு வேலை பார்க்கிறேன், வார விடுமுறையைப் புதனுக்கு மாற்றிக்கொடுங்கள் என்றார். ஞாயிறுக்கு ஆள் கிடைக்காமல் வாரா வாரம் கெஞ்சிக்கொண்டிருந்த மேலாளர், இவர் தோளைத் தொட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு மாடி இறங்கி, அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் கைகளை எங்கே வைப்பது என்பது பெரும்பாடாக இருந்தது.

"யாரு?"

"நான்தான், நாலாவது மாடி. ரிப்பேர் பார்க்க வரலை. டீ குடிக்க வரீங்களான்னு கேக்க வந்தேன்."

கதவு திறக்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் சார்."

"கோபமா?"

"ஆமா."

"சரிங்க" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த புதன் வந்து கேக்கலாமா?"

"கேளுங்க. கோபம் இருந்தா இருக்குன்னு சொல்றேன்."

"சரிங்க."

படியேறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் முதுகு வலித்ததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். வீட்டுக்குப் போய் ஒருவருக்கான டீ போட்டுக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். பிரித்துப்போட எந்தக் கணினியும் இல்லை. வெளியே புதன்கிழமை வேலை பார்ப்பவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.