நாற்பது பிரதி விடுதலை

அத்தான் தன் கணினியில் விண்டோஸை விட்டுவிட்டு, நிரலை யாரிடமும் பூட்டி வைக்காத லினக்ஸுக்கு நாலாவது முறையாக மாறினார். முந்தைய மூன்று முறையும் பதினைந்து நாளுக்குள் ஓசைப்படாமல் விண்டோஸுக்கே திரும்பிவிட்டார். இந்தத் தடவை வீட்டோடு நிற்கவில்லை. அலுவலகமே மாற வேண்டும் என்று மேலாளரிடம் மல்லுக்கட்டி, காலை பத்து மணிக் கூட்டத்தில் பேச அனுமதி வாங்கியிருந்தார். அங்கே கொடுப்பதற்கு ‘விடுதலைக்குப் பன்னிரண்டு காரணங்கள்’ என்று ஒரு பக்கம் எழுதினார். நாற்பது பிரதி வேண்டும்.

கூட்டத்தன்று காலை எட்டு மணிக்கு வீட்டுப் பிரிண்டர் மூச்சே விடவில்லை. அதை இயக்கும் மென்பொருளின் நிரலைத் தயாரிப்பாளர் பூட்டி வைத்திருக்கிறாராம். அதை நிறுவுவது கொள்கைக்கு விரோதம் என்று அத்தான் தொடவில்லை.

“அப்போ கொள்கைகிட்டயே பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க,” என்றாள் அக்கா.

“உன் லேப்டாப்ல விண்டோஸ்தானே இருக்கு? இந்த ஒரு தடவை எடுத்துக் குடேன்,” என்றார் அத்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா அதை நோட்பேடில் ஒட்டி, வாய்க்கு வந்த பெயரில் சேமித்து, நாற்பதும் அடித்துக் கொடுத்தாள். கோப்பின் பெயரையும் நோட்பேட் தாளின் தலையில் அச்சடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியாது. விண்டோஸில் அடித்த தாளைத் திரும்பிப் பார்க்க அத்தானுக்குக் கௌரவம் இடம் தரவில்லை.

கூட்டத்தில் அடிமைத்தனத்தைப் பற்றிக் கால் மணி நேரம் முழங்கிவிட்டு அமர்ந்தார். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் உச்சியைப் படித்தார்: ‘இவர் கூத்து 4’.

“நல்லா பேசுனீங்க சார். முதல் மூணு கூத்தும் எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க, அப்புறம் யோசிப்போம்,” என்றார்.