தரையைத் தொடாத மழை

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தலைநகர் பிஷ்கேக்கில், என் வானிலை அலுவலகத் திரையில் எங்கள் மேய்ச்சல் மலை நீலமாக இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நீலம் என்றால் மழை. அம்மா அன்று கைப்பேசியில் அனுப்பிய படத்திலோ அதே மலை பழுப்பு.

"கருமேகங்கள் திரண்ட ஒரு மாலையில்…" வேண்டாம், அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிறவர்கள் யாரும் ஆட்டுத் தீவனத்துக்கு வரிசையில் நின்றதில்லை.

2
செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. மேகத்திலிருந்து துளி விழுந்ததைப் பார்த்தது. (எங்கள் கோடைக் காற்று துளியைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். தலைக்கு மேல் மழை தொங்கும், தொப்பி நனையாது.) அதனால்தான் ஊரில் ஒரு தானியங்கி மழைமானி நட்டோம். அது 'மழை இல்லை' என்றால் வறட்சி. வறட்சி என்றால் அரசு குளிர்காலத் தீவனம் தரும்.

மழைமானியும் மழை என்றது.

3
மானியைப் பார்த்துக்கொள்ளும் மந்தைக்காரர் தொக்தோசுன் எனக்குச் சித்தப்பா முறை, 'பைகே' என்போம். [முதல் வரைவில் கோமாளியாக எழுதியிருந்தேன். அவர் கோமாளி இல்லை, அதுதான் தொல்லை.] கைப்பேசியில் அழைத்தேன்.

"பைகே, மானிக்குள்ள என்ன ஊத்துனீங்க?"

"குமிஸ்."

"குதிரைப்பாலா!"

"மழை கேட்டு ஊர் கூடி ஆடு அறுத்தோம்ல. முதல் கை வானத்துக்குத் தெளிக்கணும். இந்தக் குழாய் வானத்தோட பேசும்னு நீதானடி சொன்ன? நேரா அதுலயே ஊத்திட்டேன்."

"அது மழைன்னு கணக்கு வெச்சிருச்சு!"

"பாத்தியா, வானம் வாங்கிக்கிச்சு."

"வானம் இல்ல, பிஷ்கேக் வாங்கிக்கிச்சு! தீவனம் கிடையாதாம்."

"படிச்சவதானே? அழிச்சிரு."

4
அழித்தால் செயற்கைக்கோளின் நீலம் மட்டும் மிஞ்சும். உண்மையை மேலாளரிடம் சொன்னேன்.

"கருவியக் கெடுத்த ஊருக்கு ஒண்ணும் கிடையாதும்மா. அதுவும் உன் சொந்த ஊரு. வெளிய சொல்லாத." சிரித்தார்.

மிச்சம் ஒரே வழி: மானியின் எண்ணைத் திருத்தும் கட்டத்தில் நானே சுழியம் போடுவது. எந்தக் கருவியும் அளக்காத எண். ஆனால் அதுதான் நிஜம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அளக்காததை எழுதாதே என்பதுதான் அந்தப் படிப்பில் நான் கற்ற

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.)

5
முதல் முடிவு: சுழியம் போடுகிறேன், தீவன லாரி வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பவில்லை.
இன்னொன்று: எண்ணைத் தொடவில்லை. பனி விழுகிறது. ஆடுகள் ஒவ்வொன்றாக… எழுத மாட்டேன்.
நிஜமாகவே மழை கொட்டுவதாகவும் எழுதினேன். வெட்கமாக இருந்தது.

கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் போடுங்கள். உங்களுக்கு ஆடும் இல்லை, பட்டத்தைக் காக்கும் கவலையும் இல்லை. சீக்கிரம். பைகே மறுபடி அழைத்தார்:

"கோவிச்சுக்காத தாயி. ரெண்டு வாளித் தண்ணி விட்டு அந்தக் குழாயக் கழுவிக்கிட்டிருக்கேன்."

திரையில் எங்கள் ஊரில் மழை வலுக்கிறது.