பின் இருக்கை

"முன் வரிசை குடும்பத்துக்காரங்களுக்கு மட்டும்" என்று சர்ச்சில் கையை நீட்டித் தடுத்தவர், ஜோலீனின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். ஜோலீன் ஐந்து வயது ஹாட்டியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவளோடு எட்டு வருஷம் குடித்தனம் செய்த ட்ரூடி எதிரே சவப்பெட்டிக்குள் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையின் மறுகோடியில் ட்ரூடியின் அப்பா வெர்னும் அம்மா அர்லீனும் இருந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலி.

ஹாட்டியைப் பெற்றது ட்ரூடி. ராத்திரி ராத்திரியாகத் தோளில் போட்டு நடந்தது ஜோலீன். பிறப்புச் சான்றிதழில் இரண்டு அம்மாக்களின் பெயரும் உண்டு. "அது போதாது, முறைப்படி தத்தெடுத்துருங்க" என்று வக்கீல் அப்போதே சொன்னார். அதற்கு யாரோ ஓர் அதிகாரி வந்து, அலமாரியைத் திறந்து பார்த்து, ஜோலீன் நல்ல தாய்தானா என்று எழுதித் தரவேண்டுமாம். "என் பிள்ளைய நானே தத்தெடுக்கணுமா?" என்று எழுந்து வந்துவிட்டாள். ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. நேற்று அதே வக்கீல் போனில் மென்று விழுங்கினார். தாத்தா பாட்டி வழக்குப் போட்டால் இந்த மாநிலத்தில் ரத்த உறவின் பக்கம்தான் சாயும். ரத்த உறவுக்கு மட்டுமே பெற்றோர் உரிமை என்று சட்டமாக்கச் செவ்வாய்க்கிழமை நடக்கும் வாக்கெடுப்பில் 'ஆம்' ஜெயித்துவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டும் காது கொடுக்காது. 'பெற்றோர் உரிமைக்கு ஆம்' என்ற பலகை வெர்னின் வீட்டு வாசலில் நட்டிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். ஹாட்டி மற்ற பிள்ளைகளின் மேஜைக்கு ஓடினாள். சமையல் பொறுப்பிலிருந்த ஓபல் ஜோலீனின் தட்டில் சீஸ் போட்ட உருளைக்கிழங்கை அள்ளி வைத்தாள்.

"சாப்பிடுடி. ட்ரூடி இருந்தா, யாரு இந்த ஜெல்லிக்குள்ள கேரட்ட முக்கினதுன்னு கேட்டிருப்பா."

"நீங்கதானே செஞ்சீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

ஜோலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அதற்குள் அர்லீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"புள்ள ஒரு வாரம் எங்ககிட்ட இருக்கட்டும். நீயும் கொஞ்சம் தூங்கலாமில்ல?"

"நான் தூங்காம இருந்தா யாருக்கு என்ன?"

"எங்களுக்குன்னு மிச்சம் அவ ஒருத்திதான், ஜோலீன்."

"எனக்கு மட்டும்?"

அர்லீனுக்குப் பின்னால் வெர்னின் நாற்காலி காலியாக இருந்ததை ஜோலீன் அப்போதுதான் கவனித்தாள். தட்டை வைத்துவிட்டுப் படியேறி ஓடினாள்.

அவளுடைய காரின் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஹாட்டியை உட்காரவைத்துக் கட்டும் குழந்தை இருக்கை அங்கே இல்லை. நாலு கார் தள்ளி, தன் வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து வெர்ன் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா?"

"என்னைக் கேக்காமயா?"

"எதுக்குக் கேக்கணும்? என் பேத்தி. தகராறு பண்ணினா டெட்டைக் கூப்பிடுவேன்."

டெட் இந்த ஊர்ப் போலீஸுக்குத் தலைவரான ஷெரீஃப். வெர்னின் சித்தப்பா மகன்.

இருக்கை ஆடிக்கொண்டிருந்தது. மனுஷன் பெல்ட்டை வேறு துவாரத்தில் விட்டிருந்தார். ஒரு சடன் பிரேக் போதும், பிள்ளை முன்னால் பறந்துவிடும். ஆடட்டும், திண்டாடட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"நகருங்க."

உள்ளே ஏறி, பெல்ட்டை உருவி, சரியான வழியில் விட்டு, முழங்காலை இருக்கையில் ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தாள். அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"முட்டிய வச்சு அழுத்தணும். இல்லேன்னா பிடிக்காது."

வெர்ன் மூக்கை உறிஞ்சினார். "சின்ன வயசுல ட்ரூடிக்கு இதெல்லாம் ஏது? வண்டியில பின்னால நின்னுக்கிட்டே வருவா. சொன்னாக் கேக்க மாட்டா." மகளைப் பற்றி அவர் ஜோலீனிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

அர்லீன் ஹாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை தானாகவே ஏறி உட்கார்ந்து, பெல்ட் மாட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டது. ஜோலீன் மாட்டிவிட்டாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

"அம்மா, நீ எங்க ஒக்காருவ?"

இறங்குவதற்காக ஒரு காலை வெளியே வைத்திருந்த ஜோலீன் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். குழந்தையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

அர்லீன் புருஷனைப் பார்த்தாள். வெர்ன் கதவைப் பிடித்தபடி, சாத்தவும் செய்யாமல், இறங்கச் சொல்லவும் செய்யாமல் வீசும் காற்றில் நின்றுகொண்டிருந்தார்.